ஏழு பாகத்துச் சிவப்பு

ஆனந்தமேரிக்கு அப்போது முப்பத்தோரு வயது. புதுச்சேரியில் சம்பா மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் அவளும் அவள் புருஷன் அமலநாதனும் கோவில்களுக்குச் சிலை செய்யும் சுரூபப் பட்டறை வைத்திருந்தார்கள். அமலநாதன் அச்சில் சாந்து வார்ப்பான். காய்ந்த பிறகு உட்கார்ந்து சம்மனசுகளுக்கு, அதாவது தேவதூதர்களுக்கு, மூக்கும் விரலும் திருத்துவான். வர்ணம் முழுக்க அவள் பொறுப்பு. மாதாவின் அங்கிக்கு எவ்வளவு நீலம், அர்ச்சிஷ்டவர்களான புனிதர்களின் கன்னத்துக்கு எவ்வளவு சாதிலிங்கச் சிவப்பு என்பதெல்லாம் அவள் கைக்குத்தான் தெரியும். காரைக்காலிலிருந்துகூட ஆள் வந்து, "மேரியம்மா கை வச்சதுதான் வேணும்" என்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தின் இரண்டாவது வாரத்தில், ஒல்லியாக, வெயிலில் வெந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரர் பட்டறைக்குள் குனிந்து வந்தார். பெயர் ரெவேல் என்றார். கடலுக்கடியில் வாழும் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். பிரான்சில் மார்செய்யிலிருந்து கப்பலில் வந்து இறங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. கன்னியர் மடத்தில் படித்தவள் என்பதால் ஆனந்தமேரிக்குப் பிரெஞ்சு சரளமாக வரும். அமலநாதனுக்கு அரைகுறை.

அவர் பையிலிருந்து நாலைந்து கண்ணாடிப் புட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே சாராயத்தில் ஏதோ கொம்புகளும் விசிறிகளும் கிடந்தன. எல்லாம் வெளுத்து, அவித்த பனங்கிழங்கு நிறத்தில் இருந்தன.

"உயிரோடு இருக்கும்போது இவற்றுக்கு நிறம் உண்டு. மேலே கொண்டுவந்து புட்டியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது" என்றார். "கீழேயே பார்த்து நிறத்தை எழுதிவர ஓர் ஆள் வேண்டும். உங்கள் வர்ணத்தைப் பற்றிக் கோவிலில் சொன்னார்கள்."

"நீங்களே கீழே போகிறவர்தானே, முசியே? நீங்களே எழுதலாமே" என்றாள் அவள்.

அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். அங்கே முந்தின நாள்தான் தீட்டி முடித்த திருஇருதய ஆண்டவர் நின்றிருந்தார். தோளில் பளீரென்று சிவப்புப் போர்வை.

"இந்தப் பழுப்பு மிகவும் அழகாக வந்திருக்கிறது" என்றார்.

ஆனந்தமேரி போர்வையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு புரிந்தது.

"அது சிவப்பு, முசியே."

"இருக்கும்" என்று அவர் தலையாட்டினார். "பிறவியிலேயே எனக்குச் சிவப்பு தெரியாது. எட்டு வருஷமாக என் மனைவிதான் என்னோடு இறங்கி நிறம் பார்த்துச் சொன்னாள். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள்."

யோசித்துச் சொல்வதாக ஆனந்தமேரி சொன்னதும் அவர் புட்டிகளைத் திரும்பப் பையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார். வெள்ளைக்காரர் தெருமுனை திரும்பியதும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கடலுக்குள்ள எறங்கறதா? பொம்பளையா? அந்தாளுக்குச் சித்தம் கலங்கிப் போச்சு, உனக்கு இன்னா வந்துச்சு? எதுக்கு யோசிச்சுச் சொல்றேன்னு சொன்ன?"

"யோசிக்கத்தான் சொன்னேன்."

"யோசிக்க இன்னா கீது இதுல?"

அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "பதினஞ்சு வருசமா இதே ஏழெட்டு நெறத்தத்தான் கொழைக்கிறேன். நான் பாக்காத நெறம் ஒண்ணு அங்க இருந்தா, அத யாரு பாக்கறது?"

மூன்று நாள் அவன் அவளோடு சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் காலை, சாந்து குழைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான்: "மேலேர்ந்து பம்ப்பு அடிச்சுக் காத்து அனுப்பணுமாமே. அத நான்தான் அடிப்பேன். வேற எவனும் அதுல கை வைக்கக் கூடாது. போய்ச் சொல்லிடு."

அமலநாதனுக்கு நீச்சல் தெரியாது. படகில் கால் வைத்தாலே குமட்டும். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கடலில் இறங்கும்போது போட்டுக்கொள்ள அவனுடைய பழைய கால்சட்டை ஒன்றை எடுத்து இடுப்பைப் பிடித்துத் தைக்க உட்கார்ந்தாள்.

வைத்திக்குப்பத்துக் கோவிந்தராசுவின் சலங்குப் படகை வாடகைக்குப் பேசியிருந்தார் ரெவேல். துறைமுகப் பாலத்துக்கு அப்பால் நிற்கும் கப்பல்களுக்குக் கடலைமூட்டை ஏற்றிப்போகிற அகலமான படகு அது. கோவிந்தராசு, அவன் தம்பி முருகையன், இன்னும் நான்கு துடுப்புக்காரர்கள். விடியலில் கிளம்பி, கரை ஒரு கோடாகத் தேயும் வரை போனார்கள். கலங்கரை விளக்கும் கோவில் கோபுரமும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் தெரிந்ததும் கோவிந்தராசு கையைத் தூக்கினான்.

"இதான் பாரு" என்றான். "கல்லுப் பாரு. கடலடிப் பாறைய நாங்க பாருன்னுதான் சொல்லுவோம். எங்க தாத்தன் காலத்துலேர்ந்து களவா மீனு புடிக்கிறது இங்கதான். ஏழு பாகம் ஆழம், ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். தூண்டிக் கயித்த வச்சே மேடு பள்ளம் சொல்லிப்புடுவேன். ஆனா கண்ணால பாத்தவன் எவனும் கெடையாது."

தலையில் கவிழ்க்கிற செப்புக் கவசம் ஒன்று இருந்தது. முன்னால் கண்ணாடிச் சன்னல், உச்சியில் ரப்பர் குழாய். அடியில் திறந்தபடி தோளில் உட்காரும். மேலிருந்து அடிக்கும் காற்று உள்ளே நிறைந்து தண்ணீரைக் கழுத்துக்குக் கீழே நிறுத்திவைக்கும். பம்ப்புக்கு இரண்டு கைப்பிடி என்பதால், ஒன்றை மட்டும் அமலநாதன் அரைமனதாகக் கோவிந்தராசுவுக்கு விட்டுக்கொடுத்தான்.

"நிமிர்ந்தே இருக்க வேண்டும்" என்று ரெவேல் பத்து முறை சொன்னார். "குனிந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். காது வலித்தால் எச்சிலை விழுங்குங்கள். கயிற்றை ஒரு தடவை இழுத்தால் நலம். மூன்று தடவை இழுத்தால் தூக்கிவிடுவோம்."

முதல் முறை மூன்று பாகம்கூட இறங்கவில்லை. காதுக்குள் யாரோ ஊசியை வைத்துத் திருகியது போல் வலித்தது. "சேசு மரி சூசை!" என்று அவள் அலறியது கவசத்துக்குள் அவளுக்கே திரும்பக் கேட்டது. கயிற்றை மூன்று முறை அல்ல, முப்பது முறை இழுத்தாள். மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அமலநாதன் அந்தப் பக்கம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"போதும் மேரி, வூட்டுக்குப் போலாம்" என்றான் வாயைத் துடைத்தபடி.

அவள் சற்று நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "இன்னொரு வாட்டி" என்றாள். "எச்சி முழுங்க மறந்துட்டேன்."

இரண்டாம் முறை ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினாள். ஒவ்வொரு பாகத்துக்கும் நின்று விழுங்கினாள். தலைக்கு மேலே பம்ப்பின் ஒவ்வொரு அடியும் குழாய் வழியே வந்து, புஸ்ஸென்று கவசத்துக்குள் விழுந்தது. ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக. அமலநாதன் எதைச் செய்தாலும் வலது கை ஒரு இழுப்பு அதிகம் இழுக்கும். சாந்து குழைக்கும்போதும் அப்படித்தான். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அவள் பயம் அடங்கியது.

கால் மணலில் பட்டது. அவள் மெதுவாகத் திரும்பினாள்.

மலை என்றுதான் முதலில் நினைத்தாள். கோவில் சுவர் உயரத்துக்கு ஒரு பாறைவரிசை எழுந்து நின்றது. இரண்டு பக்கமும் முடிவு தெரியவில்லை. பாறை என்று சொல்ல ஓரிடத்திலும் பாறை தெரியவில்லை. கையகலம் விடாமல் ஏதோ ஒன்று முளைத்திருந்தது. மூளை மாதிரி மடிப்பு மடிப்பாய், ஆள் கட்டிப்பிடிக்க முடியாத உருண்டைகள். மான்கொம்புகள். விரித்த விசிறிகள். சாட்டைகள். விசிறிகளும் சாட்டைகளும் ஒரே சமயத்தில், ஒரே பக்கமாக, மூச்சு விடுவதுபோல் அசைந்து திரும்பின. அவற்றுக்கு நடுவே மீன். நூறு இருநூறு என்று எண்ணுகிற கணக்கு இல்லை. வெள்ளிக்காசு அளவில் ஒரு கூட்டம் மொத்தமாய் அவள் பக்கம் திரும்பி, மொத்தமாய் விலகி, திரும்பவும் மூடிக்கொண்டது. ஒரு கிளிமீன் பாறையைக் கடித்து அரைக்கும் சத்தம் கறுக் கறுக்கென்று கேட்டது. கன்றுக்குட்டி அளவு களவா ஒன்று குகைவாயில் உட்கார்ந்து, தடித்த உதட்டோடு, இது யாரடா புதுசாக என்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பட்டறையில் அவள் தீட்டிய மோட்சங்கள் ஞாபகம் வந்தன. பீடத்துக்குப் பின்னால் நிறுத்தும் பலகைகளில் மேகமும் கதிர்களும் சம்மனசுகளும் எத்தனையோ தீட்டியிருக்கிறாள். யாரும் பார்க்காத இடத்தில், யாரும் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், இவ்வளவு அழகை ஒருவர் படைத்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான் முழங்கால் போட முயல்வதை, தண்ணீர் தாடையைத் தொட்டபோதுதான் உணர்ந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

வெள்ளை பூசிய துத்தநாகத் தகடு ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்பியிருந்தார்கள். அதில் பென்சிலால் வரைந்து பக்கத்தில் நிறத்தை எழுத வேண்டும். முதல் நாள் அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. மேலே வந்ததும் ரெவேல் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் தகடு.

"மன்னியுங்கள், முசியே" என்றாள். "கை வேலை செய்யவில்லை."

அவர் சிரித்தார். "என் மனைவியும் முதல் நாள் வெறும் தகட்டோடுதான் வந்தாள்."

அடுத்த பத்து நாட்களில் எட்டு முறை இறங்கினாள். கை பழகிவிட்டது. மஞ்சளில் பதினொன்று, நீலத்தில் ஒன்பது என்று வகைபிரித்து எழுதினாள். பெயர் இல்லாதவற்றுக்குத் தன் வர்ணக்கிண்ணங்களின் பெயரைக் கொடுத்தாள். ஒன்றுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. சிவப்பே கண்ணில் படவில்லை. இவ்வளவு நிறத்தை இறைத்தவர் சிவப்பை மட்டும் எப்படி மறந்தார்? பாறையின் கீழ்ப்பகுதி முழுவதும் பெரிய பெரிய விசிறிகள் நின்றன. அவை மட்டும் கருகின பழுப்பாய், அடுப்புக்கரியும் காவியும் கலந்தது போல் இருந்தன. 'பழுப்பு' என்று எழுதி எழுதி அவளுக்கு அலுத்துவிட்டது.

அதற்கடுத்த முறை இறங்கியபோது, அந்த விசிறியில் ஒரு கிளையாவது மேலே கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று கத்தியை எடுத்தாள். அறுக்கும்போது கை வழுக்கிச் சிப்பி விளிம்பில் இழுத்தது. வலியே தெரியவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காயத்திலிருந்து பச்சையாக ஏதோ புகைபோல் வெளியேறிக்கொண்டிருந்தது. பாசிப்பச்சை, ஓரத்தில் கறுப்பு.

ரத்தம். தன்னுடைய ரத்தம்.

விஷம் ஏறிவிட்டதா, செத்துக்கொண்டிருக்கிறோமா என்று அவள் திகைத்து நிற்கையில், வெளிச்சம் போய்விட்டது. பகலை யாரோ போர்வை போட்டு மூடினாற்போல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

அவளுக்கும் படகுக்கும் நடுவே ஒரு திருக்கை போய்க்கொண்டிருந்தது. ஒரு சிறகு நுனியிலிருந்து மறுசிறகு நுனி வரை அவர்கள் வீட்டுக்கூடத்தின் அகலம் இருக்கும். முன்னால் இரண்டு கொம்பு; திறந்த வாய்; பாற்கட்டி போல வெளுத்த வயிறு. சிறகை அடிப்பதாகவே தெரியவில்லை. ஒரு தடவை மெல்ல வளைத்தது, அவ்வளவுதான். அத்தனை பெரிய உடம்பும் சத்தமில்லாமல் வழுக்கிப் போனது. வட்டமிட்டுத் திரும்பி வந்தது. அப்போது அதன் கொம்பில் காற்றுக்குழாய் சிக்கியது.

கவசம் ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் தாடைக்கு வந்தது, உதட்டுக்கு வந்தது. கால் மணலைவிட்டு எழும்பியது. அவள் இரண்டு கையாலும் கவசத்தைத் தோளோடு அழுத்திப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, மிச்சமிருந்த காற்றில் மூக்கை வைத்துக்கொண்டாள்.

மேலே சலங்கு ஒரு குலுங்கு குலுங்கிப் பக்கவாட்டில் இழுபட்டது. "கொம்புத் திருக்கைடா! கொழாய இழுக்குது!" என்று முருகையன் கத்தினான். கோவிந்தராசு பம்ப்பின் மறுகைப்பிடியை விட்டுவிட்டுக் கயிற்றுக்குப் பாய்ந்தான். "அமலு, வுட்டுட்டு வாய்யா, எல்லாருமா சேந்து தூக்கலாம்!"

"தூக்காத! இப்ப இழுத்தா கொழாய் அறுந்து போவும்" என்றான் அமலநாதன். அவன் பம்ப்பை விட்டு நகரவில்லை. ஒற்றையாளாக இரண்டு கைப்பிடியையும் அடித்தான். தோல் உரிந்து கை வழுக்கியது. "நான் கையெடுத்தா அவ செத்துடுவா. அது போற வரைக்கும் நான் அடிக்கிறேன்."

கீழே அவளுக்கு அது கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. ஒரு அடியும் தவறவில்லை. கொஞ்சம் வேகம் கூடியிருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் உதட்டிலிருந்து தாடைக்கு இறங்கியது.

திருக்கை நின்றது. மிக அருகில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அதன் கண் அவள் சன்னலுக்கு நேரே வந்தது. உள்ளங்கை அளவு இருக்கும் அந்தக் கண். அதில் கோபம் இல்லை. அது அவளைப் பார்த்தது என்பதில் மட்டும் அவளுக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. பிறகு தலையைத் தாழ்த்தி ஒரு முறை புரண்டது. குழாய் கொம்பிலிருந்து நழுவியது. வெள்ளை வயிறு காட்டி, பாறை விளிம்பைத் தாண்டி, நீலத்துக்குள் இறங்கி மறைந்தது.

ஆனந்தமேரி மூன்று முறை கயிற்றை இழுத்தாள். மேலே ஏறும்போதுதான் காயம்பட்ட கையில் அந்த விசிறிக்கிளையை விடாமல் பிடித்திருப்பதைக் கவனித்தாள். ஐந்தாம் பாகத்தில் அது பழுப்பாக இருந்தது. நான்காம் பாகத்தில் உலர்ந்த திராட்சை நிறம். மூன்றில் மாதுளைத் தோல். இரண்டில் ஏதோ உள்ளிருந்து கனல்வது போல் ஆரம்பித்தது. தலை தண்ணீருக்கு வெளியே வந்து வெயில் பட்டபோது, அவள் கையில் இருந்தது சிவப்பு. அவள் எந்தக் கிண்ணத்திலும் குழைத்திராத சிவப்பு. விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்த ரத்தமும் அதே சிவப்பு.

படகில் தூக்கிப் போட்டதும் அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அமலநாதன் பம்ப்பின் மேலேயே சாய்ந்து கிடந்தான். ரெவேல் அவள் கைக்குக் கட்டுப்போட்டார்.

"முசியே, அங்கே சிவப்பு நிறைய இருக்கிறது. பாறை முழுக்கச் சிவப்பு. ஆனால் கீழே தெரியவில்லை. என் ரத்தமே பச்சையாகத் தெரிந்தது!"

"தெரியாது" என்றார் அவர். "ஆழத்துக்குச் சிவப்பு ஒளி போவதில்லை. தண்ணீர் குடித்துவிடுகிறது. சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். முன்கூட்டியே சொன்னால் கண் பொய் சொல்லும் என்று பயந்தேன்." கட்டின் முடிச்சைப் பார்த்தபடி சொன்னார்: "கீழே எனக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. நான் கடலுக்கு வந்ததே அதனால்தான்."

அவள் அந்த விசிறியைத் தூக்கி வெயிலில் காட்டினாள். இது எப்படி இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. நெருப்பு என்று சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்ப்பது போல என்று சொல்லலாம். கடைசியில், "சூடாக இருக்கிறது, முசியே" என்று மட்டும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

பிறகு அவர் கேட்ட படங்களை ஒரு மாதம் பட்டறையில் உட்கார்ந்து தீட்டினாள். விசிறியை எந்த நிறத்தில் போடுவது என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. பழுப்பு என்றார் அவர்; அது வாழ்கிற இடத்தில் அப்படித்தானே. சிவப்பு என்றாள் அவள். பார்க்க ஆளில்லாவிட்டாலும் அது சிவப்புதானே. முடிவில் இரண்டு தாளில் இரண்டு விதமாகவும் தீட்டிக் கொடுத்தாள். இரண்டின் கீழும் அவள் பெயரை எழுதச் சொல்லி நின்று வாங்கிப் போனார்.

அவர் கப்பலேறுவதற்கு முந்தின நாள் புட்டிகளுக்கு இன்னும் சில மாதிரிகளை எடுக்க எல்லோரும் கடைசியாக ஒரு முறை பாருக்குப் போனார்கள். கவசத்தைப் பெட்டியில் வைக்கப் போகும்போது அமலநாதன் தொண்டையைக் கனைத்தான். காலையிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான்.

"மேரி, நான் ஒரு தபா எறங்கவா?"

முருகையன் சிரித்துவிட்டான். "நீச்சல் தெரியாத ஆளு!"

"எறங்கறதுக்கு நீச்சல் எதுக்கு? கல்லு மாதிரி போவப் போறேன்" என்றான் அமலநாதன்.

ஆனந்தமேரி எழுந்தாள். கவசத்தை அவன் தோளில் தூக்கி வைத்தாள். "எச்சிய முழுங்கிக்கிட்டே போங்க. குனியாதீங்க" என்றாள். பிறகு பம்ப்பருகே போய், முருகையனை நகரச் சொல்லி, கைப்பிடியைப் பிடித்தாள். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

கயிறு ஒவ்வொரு பாகமாக உள்ளே போனது. மூன்றில் நின்றது. வெகுநேரம் நின்றது. மறுபடி போனது. ஏழில் தளர்ந்தது. ஒரே ஒரு இழுப்பு வந்தது: நலம்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தண்ணீரில் குமிழிகள் மட்டும் கொத்துக் கொத்தாக வந்து உடைந்தன. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. "போதும், தூக்கிடலாமா?" என்று கோவிந்தராசு கேட்டான். அவள் தலையசைத்து மறுத்தாள். இவ்வளவு நேரம் அவன் கீழே நிற்பது எதனால் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று இழுப்பு வந்து அவனைத் தூக்கினார்கள். கவசத்தைக் கழற்றியதும் படகின் அடியில் உட்கார்ந்துவிட்டான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைக்கவில்லை. முருகையன் தோளை உலுக்கினான். "இன்னாய்யா பாத்த? சொல்லு!"

அமலநாதன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். துடுப்புக்காரர்கள் வலிக்க ஆரம்பித்தார்கள். பாதித் தூரம் வந்த பிறகுதான், அதுவும் அவளுக்கு மட்டும் கேட்கும்படி, சொன்னான்:

"அதுங்க நம்மளப் பாத்துப் பயப்படவே இல்ல, மேரி."

அவள் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அன்று அலை பெரிதாகத்தான் இருந்தது. கரை வரும் வரை அவனுக்குக் குமட்டவே இல்லை.